லெமன் பாம் எண்ணெய்: விலைய போட்டீங்க, கணக்க போடலையே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க விவசாயப் பக்கத்துல லெமன் பாம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். செடியப் பத்தி எழுதினதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, புதினா குடும்பம், குளிர் பிரதேசத்துக்கு தோதான செடி, ஒரு தடவ வச்சா சில வருஷம் வெட்டிக்கிட்டே இருக்கலாம், எல்லாம் சரிதான். ஆனா எண்ணெய் விலைய கொட்டை எழுத்துல போட்டுட்டு அது ஏன் அவ்ளோ விலைன்னு ஒரு வரிகூட எழுதலையே சார். எங்க கோத்தகிரி பக்கம் அத படிச்சுட்டு டீ செடிய புடுங்கிடலாமான்னு கேக்குறாங்க.

இலையில எண்ணெய் இருக்கறதே துளியூண்டு, அதான் விலை. காஞ்ச இலையில 0.02ல இருந்து 0.3 சதவீதம் வரைக்கும்தான். ஒரு டன் பச்சையா வெட்டினா காஞ்சதுக்கப்புறம் சுமாரா 200 கிலோ நிக்கும், 0.1 சதவீதம்னு வச்சுக்கிட்டா மொத்தமே 200 கிராம் எண்ணெய். அதே ஒரு டன் எலுமிச்சைப்புல்ல காய்ச்சினா மூணு நாலு கிலோ வரும். இந்த 200 கிராமுக்கு எரிக்கிற விறகுக்கும் கூலிக்கும் யாரு கணக்கு பாக்கறது?

சரி, கஷ்டப்பட்டு எடுத்தாச்சு, விக்கறது? லெமன் பாம்ல அந்த எலுமிச்சை வாசம் வர்றதே முக்கியமா சிட்ரால்ங்கற வாசனைப் பொருளால, எலுமிச்சைப்புல் எண்ணெய்லயும் பெரும்பங்கு அதே சிட்ரால்தான். அதனால புல் எண்ணெயையும் சிட்ரோனெல்லாங்கற இன்னொரு வாசனைப்புல் எண்ணெயையும் கலந்து மெலிசா ஆயில்னு (லெமன் பாம் எண்ணெய்க்கு சந்தையில அந்தப் பேருதான்) லேபிள் ஒட்டி விக்கறது உலகம் பூரா நடக்கற வேலை. மூக்க வச்சு கண்டுபிடிக்கறது நடக்காது, எண்ணெய்ல என்னென்ன எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டற கேஸ் குரோமட்டோகிராபி லேப் ரிப்போர்ட் இல்லாம நீங்க சுத்தமான எண்ணெயே கொண்டுபோனாலும் வாங்கறவன் சந்தேகமாத்தான் பாப்பான்.

என்னக் கேட்டா இத இலைக்காக போடறதுதான் புத்திசாலித்தனம். ஐரோப்பாவுல டீக்கும் மருந்துக்கும் காஞ்ச இலையாவே வாங்கறாங்க. அங்க மருந்துத் தரத்துக்கு இலையில ரோஸ்மரினிக் ஆசிட்ங்கற சத்து குறைஞ்சது 1 சதவீதம் இருக்கணும்னு கேக்கறாங்க, எண்ணெய் இத்தனை இருந்தாகணும்னு இல்ல.

ஆனா இலையிலயும் எடை வேற, தரம் வேற. யூரியாவ அள்ளிப் போட்டா செடி மொசமொசன்னு வரும், வெட்டினா எடை நிக்கும், சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா அதுல பாதி தண்டு, தண்டுல வாசமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, அதுவும்போக நெருக்கமா வளர்ந்தா பனிமூட்ட நாள்ல காத்து போகாம அடியிலை அழுகிடும். மொட்டு கட்டி பூ விரியறதுக்கு முன்னாடி வெட்டிடணும். பூ வந்துட்டா அடியிலை மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சுடும், கசக்கிப் பாத்தா அந்த வாசம் பாதிகூட இருக்காது. காலைல பனி ஈரம் காஞ்சதும் வெட்டணும், வெட்டினத சாக்குல திணிச்சு மிதிச்சு வச்சீங்கன்னா உள்ள சூடேறி சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும், கறுத்த இலைய எவனும் தொடமாட்டான்.

எங்க ஊர்ல நிஜமான தலைவலியே காய வைக்கறதுதான். வெயில்ல போட்டா வாசமும் நிறமும் போயிடும், நிழல்லயே 40 டிகிரிக்கு மேல போகாம காயணும், ஐப்பசி கார்த்திகை மழையில நிழல்ல போட்டா பூஞ்சைதான் புடிக்கும். காத்து புகுந்து வர்ற மாதிரி ஒரு டிரையர் இல்லாம ஏக்கர் கணக்குல இறங்கவே கூடாது. உங்க கட்டுரையில நாத்துக்கும் சொட்டுநீருக்கும் செலவு போட்டிருக்கீங்க, டிரையர் பேச்சே இல்ல.

அடுத்த தடவ இந்த மாதிரி மூலிகை பத்தி போடும்போது ஒரு டன் பச்சைக்கு காஞ்ச இலை எவ்ளோ, எண்ணெய் எவ்ளோ, நம்ம ஊர்ல இத எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாங்க யாரு இருக்கா, இந்த மூணையும் கேட்டு போடுங்க சார். நாத்து விக்கறவங்ககிட்ட மட்டும் கேட்டா அவங்க நாத்து விலையத்தான் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி