நெல்லு வைங்க, யூரியா வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க மன்னார்குடி பக்கத்துல பழைய பண்ணை வீடுங்க நிறைய இப்ப குடோன் ஆயிடுச்சு, எங்க தாத்தா வீடும் அப்படித்தான், கூடத்துல நெல்லு மூட்டை, தாழ்வாரத்துல பவர் டில்லர். அதுல எனக்கு வருத்தமே இல்ல சார், ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் ஒழுகுற கூரை ஓட்ட மாத்துவாங்க, பூட்டிப்போட்ட பக்கத்து வீடு ரெண்டே மழையில உக்காந்துடுச்சு. ஆனா உர மூட்டைய சுண்ணாம்புச் சுவர்ல சாய்ச்சு அடுக்குறாங்களே, அதான் தாங்கல. உரத்துல இருந்து வர்ற உப்பு ஈரத்தோட சுவர்ல ஏறி, காயுறப்போ பூச்சை உள்ளருந்தே பொரிச்சு எடுத்துடுது, எங்க வீட்டுல தேக்குத் தூணுக்குப் பின்னாடி கை வச்சா மாவு மாதிரி கொட்டுது. உடனே கொத்தனாரக் கூப்பிட்டு சிமெண்ட் பூசிடுறாங்க, அது ஈரத்த வெளிய விடாம இன்னும் கெடுக்கும், சுண்ணாம்பே பூசணும். பழைய கட்டடங்களக் காப்பாத்துறதுக்கான தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012லயே நிறைவேறியாச்சு, கோயில் கோட்டையோட இந்த மாதிரி வீடுங்களையும் அரசாங்கம் கணக்கெடுக்கணும். உரத்துக்கு கொல்லையில தனியா ஒரு ஷெட் போட மானியம் குடுத்தாலே பாதி வீடு பொழைச்சுக்கும் சார்.

ஒரு விவசாயி, மன்னார்குடி