லம்பிரிட்ஜில் இறங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அலுவலக நண்பர்களோடு ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டைத் தொடங்குவதாக நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கணினி முன் அமர்ந்தாலே, "அப்பா மீன் பிடிக்கப் போய்விட்டார்" என்று அம்மாவிடம் கோள் சொன்னவள் அல்லவா நீ! நண்பர்கள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள் என்று நீ கவலைப்பட்டதால், தொலைபேசியில் சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

அந்தக் கவலையை முதலில் விடு. 2001-இல் வெளிவந்த ரூன்ஸ்கேப்பின் 2007-ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்து, 2013-இல் தனி விளையாட்டாகத் திறந்தார்கள். அந்நாளைய நிதானம் இன்றும் அதில் அப்படியே இருக்கிறது. மீன்பிடிப்பு, சமையல் என்று எந்தத் திறனிலும் உச்சமான 99-ஆம் லெவலைத் தொட 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்) வேண்டும். 92-ஐ எட்டும்போதுதான் பாதி வழி வந்திருப்பாய். கணக்கு இப்படி இருக்கையில், நண்பர்களின் லெவலைத் துரத்தி முதல் வாரத்தைப் பாழாக்கிக்கொள்ளாதே. காசும் இப்போது கட்ட வேண்டாம். இலவசப் பகுதியே சில மாதங்களுக்குத் தாங்கும்.

பயிற்சித் தீவு முடிந்து, தொடக்க ஊரான லம்பிரிட்ஜில் இறங்கியதும், கோட்டைச் சமையல்காரரிடம் பேசு. பிரபுவின் பிறந்தநாள் கேக்கிற்கு முட்டை, பால், மாவு மூன்றும் கேட்பார். முட்டையும் பாலும் எளிது. மாவுக்கு, வடக்கேயுள்ள காற்றாலையின் பக்கத்து வயலில் கோதுமை பறித்து, மேல்தளத்துத் தொட்டியில் கொட்டி, நெம்புகோலை இழுத்துவிட்டுக் கீழே இறங்கி வர வேண்டும். கீழே இறங்க வேண்டும் என்பது தெரியாமல், நான் இருபது நிமிடம் மேல்தளத்திலேயே மாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லாதே.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது மனிதர்களைப் பற்றித்தான். முதல் மாதத்தில் ஒருவர், "உங்கள் அடமண்ட் உலோகக் கவசத்திற்கு ஓர அலங்காரம் செய்து தருகிறேன், கூலி வேண்டாம்" என்றார், கொடுத்தேன், வாங்கிய கணமே மறைந்தார். அலங்காரக் கவசம் புதையல் தேடலின் பரிசாக வருவது, யாராலும் செய்து தர இயலாதது என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர்களும் இதே இனம். வர்த்தகத்தின்போது இரண்டாவது திரை வரும். அதில் உள்ளதை எழுத்தெண்ணிப் படித்த பிறகே சம்மதம் கொடு. வாராக் நகருக்கு வடக்கே உள்ள பள்ளத்தைத் தாண்டினால் வைல்டர்னஸ். அங்கே பிற வீரர்கள் உன்னைக் கொல்லலாம். நீ யாரையும் முந்தித் தாக்காதவரை, விலையுயர்ந்த மூன்று பொருள்கள் உன்னிடம் தங்கும், மற்றவை கொன்றவருக்குப் போகும். ஆகவே "என்னோடு வா, பணம் தருகிறேன்" என்று எவர் வடக்கே அழைத்தாலும் போகாதே.

வங்கிக்கு நான்கு இலக்கப் பின் எண்ணை முதல் நாளே வைத்துவிடு. கடவுச்சொல்லை யார் கேட்டாலும், விளையாட்டு நிறுவனத்தின் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும், கொடுக்காதே.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கோட்டைச் சமையலறையில் நிற்பேன். எந்த வேர்ல்டில் (சர்வரில்) இருக்கிறாய் என்று மட்டும் செய்தி அனுப்பு. மாவுக்கான பானை அங்கே மேசைமீதே இருக்கும், எடுத்துக்கொள். ஆலைக்குச் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
அப்பா