அந்த இரண்டாவது வரியை மாற்றுங்கள்: திருகோணமலை ரிமோட் கார்த் தம்பிமாருக்கு

அன்புள்ள தம்பிமாருக்கு,

சித்திரை வருசப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு நீங்கள் வைக்கப்போகும் ரிமோட் கார் போட்டியின் விதிகளைப் போன கிழமை உங்களில் ஒருவர் நான் ரிமோட் திருத்தும் கடைக்குக் கொண்டுவந்தார். "அண்ணை, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அரைப் பக்கம்தான். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்: எந்தக் காரும் ஓடலாம், எந்த மோட்டரும் எந்தப் பற்றரியும் போடலாம். அந்த வரியை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் கடைக்கு வந்தவருக்கு மட்டும்தான் கேட்கும். உங்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

அந்தக் காலம்தான் பொற்காலம் என்று புலம்ப வரும் கிழவன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வயது 46. உங்கள் கார்கள் எங்கள் கார்களைவிட எல்லா வகையிலும் மேல். அதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்ல வருகிறேன்.

என் கைக்கு முதல் ரிமோட் கார் வந்தது 2003இல். அதற்கு முதல் வருசம் பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஹபரணை, கந்தளாய் வழியாகக் கொழும்பிலிருந்து வரும் பயணம் கொஞ்சம் மூச்சுவிடக்கூடியதாக மாறியிருந்த நேரம். அதற்கு முன்பு நீட்டி மடக்கும் ஏரியல் வைத்த ஒரு பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு காவலரண்களைத் தாண்டிவர யாருக்குத் துணிவு? கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவன், தான் சின்ன வயதில் ஓட்டிப் பழசாக்கிய, ஜப்பானிய டமியா கம்பனியின் கிராஸ்ஹொப்பர் காரைத் தந்துவிட்டுப் போனான். 1984இல் வந்த மொடல். பெயருக்கேற்ற கார்தான். பின் அச்சு ஒரே கட்டையாக இருப்பதால் மேடுபள்ளம் கண்டால் வெட்டுக்கிளி மாதிரியே துள்ளும். மோட்டர் 380 என்ற சின்ன அளவு. உங்கள் 550 மோட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அப்பனும் பிள்ளையும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த அதில் ஈஎஸ்சி (மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி) எல்லாம் கிடையாது. செர்வோ என்ற, ரிமோட் சொன்னபடி அசையும் குட்டி மோட்டர் ஒன்று சின்னத் தகடு ஒன்றைத் தள்ளும். மெதுவாக ஓட்டினால் மிச்ச மின்சாரம் முழுக்க ஒரு மின்தடையில் சூடாகிப் போகும். ஓட்டம் முடிந்து காரின் மேல்கூட்டைக் கழற்றும்போது அதில் விரல் பட்டால் கொப்புளம்தான். என் இடக்கைச் சுட்டுவிரலில் அடையாளம் இன்னும் இருக்கிறது. கடைக்கு வந்தால் காட்டுகிறேன்.

வெளிநாட்டு உறவு, கொழும்புப் பழைய சாமான் என்று எப்படியோ கார் தேடிக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். உப்புவெளிப் பக்கம் கூரை போய் நின்ற ஒரு களஞ்சியத்தின் சீமெந்துத் தரைதான் எங்கள் மைதானம். தும்புக் கயிற்றை வளைத்துப் போட்டால் பாதை. இனி கிறிஸ்டல் கதைக்கு வருகிறேன். ரிமோட் எந்த அலைவரிசையில் பேசும் என்பதைத் தீர்மானிக்கும் சின்னத் துண்டுதான் கிறிஸ்டல். அது தெரியாமல் நான் சொல்ல வருவது விளங்காது.

அப்போது எங்கள் ரிமோட்டுகள் 27 மெகாஹேட்ஸில் வேலை செய்தன. அதில் ஆறே ஆறு அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: மண்ணிறம், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம். ரிமோட்டில் ஒரு கிறிஸ்டல், காரில் ஒரு கிறிஸ்டல். இரண்டு பேரிடம் ஒரே நிறம் இருந்தால் இரண்டு ரிமோட்டும் இரண்டு காரையும் குழப்பும். ஒருநாள் நான் மஞ்சளில் ஓடிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருவர், அவரும் மஞ்சள், வாசலில் நின்றபடியே ரிமோட்டைப் போட்டுப் பார்த்தார். என் கார் வளைவில் திரும்பவே இல்லை. முழு வேகத்தில் நேரே போய்த் தூணில் அடித்து முன் சில்லுக் கை முறிந்தது. உதிரிப்பாகம் வர நாலு மாதம்.

அன்றைக்குப் பிறகு ஒரு பலகையில் ஆறு உடுப்புக் கிளிப்புகளைக் குத்தி ஆறு நிறம் பூசினோம். உன் நிறக் கிளிப் உன் ஏரியலில் இருந்தால் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம். கிளிப் வேறொருவரிடம் இருக்கிறதா, பேசாமல் இரு. சும்மா இருப்பவருக்கு என்ன வேலை? வளைவில் போய் நின்று கவிழ்கிற கார்களைத் தூக்கி நிமிர்த்துவது. ஓடி முடித்தவர் அடுத்த ஓட்டத்துக்கு வளைவில் நிற்க வேண்டும் என்பது எங்களிடம் எழுதாத சட்டமாகிவிட்டது. வெளிநாட்டுக் கிளப்புகளில் இதை மார்ஷல் வேலை என்கிறார்கள் என்பதும், அங்கேயும் இதே வழக்கம்தான் என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

இப்போது 2.4 கிகாஹேட்ஸ். ரிமோட்டும் காரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்கின்றன. இருபது கார் ஒன்றாக ஓடினாலும் பிரச்சினை இல்லை. இது முன்னேற்றம்தான், அந்த முறிந்த சில்லுக் கையை நினைத்தே சொல்கிறேன். ஆனால் கிளிப் போனதோடு காத்திருப்பும் போய்விட்டது. போன மாதம் உங்கள் ஓட்டத்தைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு ஒன்பது பேர் நின்றீர்கள். ஒன்பது காரும் ஒரே நேரத்தில் ஓடின. முதல் சுற்றிலேயே மூன்று கார் கவிழ்ந்தன. தூக்கி நிமிர்த்த ஒருவரும் இல்லை, எல்லார் கையிலும் ரிமோட். கவிழ்ந்த காருக்குச் சொந்தக்காரர் பாதைக்குள் ஓட, அவரது காலில் இன்னொரு கார் அடித்தது. பத்து நிமிடத்தில் பற்றரி சூடாகி எல்லாரும் நிறுத்தினீர்கள். "யார் வென்றது?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்தீர்கள். வீடியோ மட்டும் நல்லா வந்திருந்தது.

பற்றரியிலும் இதே கதைதான். எங்களுடையது நிக்கல் கட்மியம், ஆறு செல், 7.2 வோல்ற். கொஞ்சம் வசதியானவரிடம் 1700 மில்லியம்பியர் மணி, மற்றவர்களிடம் அதற்கும் குறைவு. ஐந்து நிமிட ஓட்டத்தை அது தாங்குமா தாங்காதா என்பது ஓட்டுபவரின் விரலில் இருந்தது. எங்களோடு ஓடியவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் மாஸ்டர்தான். ஒருமுறை நாலு நிமிடம் வரை நான்தான் முன்னுக்கு, அரைச் சுற்று இடைவெளி. மாஸ்டர் வளைவுக்கு முன்பே விரலை எடுத்துவிட்டுக் காரை உருளவிட்டு உருளவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு. கடைசிச் சுற்றில் என் கார் கோவிலுக்குப் போகும் பாட்டி மாதிரி நடக்கத் தொடங்கியது. மாஸ்டர் என்னைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து நான் படித்தது கொஞ்சமில்லை.

லிப்போ (லிதியம் பொலிமர் பற்றரி) வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. ஐந்து நிமிடம் முழுக்க விரலை அழுத்திப் பிடித்தாலும் பாதிச் சார்ஜ் மிச்சம். பிரஷ்லெஸ் மோட்டர் (உள்ளே தேய்ந்துபோகும் காபன் துண்டுகள் இல்லாத மோட்டர்) வந்து காபன் மாற்றுவதும் உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்வதும் ஒழிந்தது; அதற்கு யாராவது கோவில் கட்டினால் நானும் காசு தருவேன். (எஞ்சின் கார்களைப் பற்றிக் கேட்காதீர்கள். மெதனோலையும் நைட்ரோமீதேனையும் கலந்து இங்கே யார் விற்பான்?) ஆனால் சக்தி மலிந்துபோனதும் எல்லாருடைய கண்ணும் ஓட்டத்தை விட்டு வேகத்துக்குப் போய்விட்டது. உங்களில் பாதிப் பேரிடம் இருப்பது டபிள்யூஎல்டோய்ஸ் 144001. பெட்டியிலிருந்து எடுக்கும்போது 550 மோட்டர், இரண்டு செல் 7.4 வோல்ற் பற்றரி. விலைக்கு அருமையான கார். அதற்குள் மூன்று செல் பற்றரியைத் திணிக்கிறீர்கள். கொஞ்ச நாளில் பற்சக்கரம் வழித்துக்கொண்டு என் மேசைக்கு வருகிறது. எனக்கு வருமானம்தான், சரி. ஆனாலும் சொல்கிறேன்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1976இல் டமியா தன் போர்ஷே 934 ரிமோட் காரை விட்டபோது அது வீட்டு முற்றத்தில் ஓட்டும் சாமான். 1984இல் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் என்ற கம்பனி ஆர்சி10 என்ற காரைக் கொண்டுவந்தது, அலுமினியத் தொட்டிபோன்ற சட்டமும் எண்ணெய் ஊற்றிய ஷொக் அப்சோபரும் வைத்து. அடுத்த வருசம் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் ஓஃப் ரோட் (கரடுமுரடான தரையில் ஓடும்) உலகப் போட்டியில், இரண்டு சில்லுகளுக்கு மட்டும் மோட்டர் இழுப்புக் கொடுக்கும் கார்களின் பிரிவில் ஜே ஹால்சி அதைத்தான் ஓட்டி வென்றார். அதில் பேசப்பட்டது மோட்டரை அல்ல, நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய விதத்தை. பிறகு அங்கேயும் காசு உள்ளே வந்தது. எல்லாருக்கும் ஒரே மோட்டர் என்று சாதாரணப் பிரிவு வைத்தார்கள். அதற்குள்ளும் ஈஎஸ்சி மென்பொருளில் டைமிங்கை, அதாவது மோட்டரின் சுருள்களுக்கு மின்சாரம் எவ்வளவு முந்திப் போகிறது என்பதை, கூட்டி, அதே மோட்டரை வேறு மோட்டர்போல ஓடவைத்தார்கள். கடைசியில் டைமிங் பூச்சியத்தில் இருந்தால் ஈஎஸ்சியில் லைட் மினுங்கும், மினுங்கினால்தான் ஓடலாம் என்று விதி போட வேண்டிவந்தது. அதற்குப் பெயரே பிளிங்கி. பல இடங்களில் எல்லாரும் ஒரே வகை ரயர்தான் போட வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். அத்தனை அனுபவம் உள்ளவர்களே கட்டுப்பாட்டுக்குத் திரும்பியிருக்கும்போது நீங்கள் முதல் போட்டியையே "எந்த மோட்டரும்" என்று தொடங்குகிறீர்கள்.

இன்னொன்று. டச்பே கடற்கரையை ஒட்டி ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னேரம் அங்கே குழந்தைகள் ஓடித் திரிவார்கள், கச்சான் விற்பவர் நிற்பார், கோட்டைப் பக்கத்து மான்கள் தங்கள் பாட்டில் வரும். இரண்டு கிலோ கார் மணிக்கு 70 கிலோமீற்றரில் வந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே இரண்டு கிலோவை ஏறக்குறைய 19 மீற்றர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். நல்ல உயரமான தென்னையிலிருந்து ஒரு பெரிய தேங்காய். அது காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கடல் மணலும் உப்பும் பெயாரிங்கைத் தின்கிற கதை வேறு.

ஆகவே நான் கேட்பது இதுதான். காலையில் ஒரே பிரிவு வையுங்கள்: 144001, பெட்டியோடு வந்த மோட்டர், இரண்டு செல் பற்றரி, எல்லாருக்கும் ஒரே ரயர். ஒரு ஓட்டத்தில் ஆறு பேர், ஐந்து நிமிடம், ரிவேர்ஸ் கிடையாது. ஓடி முடித்தவர் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு வளைவில் நிற்க வேண்டும். நிற்காதவருக்கு அடுத்த ஓட்டம் இல்லை. சுற்று எண்ண டிரான்ஸ்பொண்டர் என்ற மின்னணுக் கருவி வாங்கக் காசு இல்லை என்று கவலைப்படாதீர்கள். கொப்பியும் பென்சிலும் வைத்து ஒரு காருக்கு ஒரு ஆள் எண்ணினால் போதும், நாங்கள் அப்படித்தான் எண்ணினோம். சண்டையும் பிடித்தோம். மூன்று செல், பிரஷ்லெஸ் எல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு, தனியாக, பார்ப்பவர்கள் தள்ளி நிற்க ஓடட்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற தம்பி தன் காரைக் கட்டியிருக்கும் அழகை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

பற்றரி பற்றி ஒரு வார்த்தை. போன கச்சான் காற்று (வறண்ட மேல்காற்று) காலத்தில் உங்களில் ஒருவர் முச்சக்கர வண்டியின் முன் தட்டில், வெயிலில், நிறையச் சார்ஜோடு லிப்போவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். என் மேசைக்கு வந்தபோது அது தலையணை மாதிரி ஊதியிருந்தது. உறையை அமுக்கினால் விரலுக்குள் மெத்தென்று போனது, ஒருவித இனிப்பு மணம் வந்தது. ஓன்லைனில் விற்ற ஆளிடம் கேட்டால் பதில் இல்லையாம். செல் ஒன்றுக்கு 4.2 வோல்றுக்கு மேல் ஏற்றாதீர்கள், 3க்குக் கீழே இறக்காதீர்கள், ஓடாமல் வைக்கும்போது 3.8 அளவில் வையுங்கள். போட்டியன்று சார்ஜ் செய்யும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். கடற்கரையிலிருந்து எடுப்பதற்கு அது ஒன்றுதான் உங்களுக்குத் தேவை.

இடத்துக்கு அந்தப் பழைய களஞ்சியத் தரையைப் பார்த்துவிட்டேன். ஒரு மூலையில் புல் முளைத்திருக்கிறது, மற்றபடி சீமெந்து நல்லா இருக்கிறது. காணிக்காரர் தெரிந்தவர், கேட்டால் தருவார். ஆறு நிறக் கிளிப் பலகையும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போது அலைவரிசைக்குத் தேவையில்லை, ஆனால் ஆறு பேருக்கு ஆறு கிளிப் கொடுத்தால் யார் ஓடுவது யார் நிற்பது என்பதில் சண்டை வராது. புதன்கிழமை கடையை ஏழு மணிக்குப் பூட்டுவேன். விதிப் பேப்பரையும் ஒரு பேனையையும் கொண்டு எல்லாருமாக வாருங்கள், தேத்தண்ணி என் செலவு. முதல் ஓட்டத்துக்கு வளைவில் நிற்க ஆள் இருக்காது. அதற்கு நான் நிற்கிறேன்.

அன்புடன்,
ரிமோட் திருத்தும் கடை அண்ணை