கொம்பில்லாத இளவரசி

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ எழுதி அனுப்பிய நகைச்சுவைக் காதல் கதையின் அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். வைக்கிங் இளவரசி வீசிய கோடரி அந்தக் குதிரை வீரனின் சேணத்தில் போய்ச் சொருகும் இடத்தில் சத்தமாகவே சிரித்தேன். ஆனால் இத்தனை வருஷம் வரலாற்றுப் பாடம் நடத்திய கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது.

வைக்கிங்குகள் என்றால் அந்தக் கால வட ஐரோப்பியக் கடலோடிகள், கொள்ளைக்காரர்கள். முதலில் அவள் தலைக்கவசத்துக் கொம்பைக் கழற்று. அது 1876-இல் ஜெர்மனியில் பைரோயிட் இசைநாடக மேடைக்கு உடை வடிவமைத்தவரின் கைவரிசை. நார்வேயில் 1943-இல் கிடைத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பே கிடையாது. அப்புறம், அவள் கூட்டத்தார் எல்லாரும் நாறுவதாக எழுதியிருக்கிறாய். பாவம், உன் அப்பாவைப் போல அவர்களும் சனிக்கிழமை தவறாமல் குளித்தவர்கள். இங்கிலாந்துக்கு வந்த வைக்கிங்குகளான டேனிஷ்காரர்கள் தினமும் தலை வாரி, சனிதோறும் குளித்து, ஆங்கிலேயர் வீட்டுப் பெண்களை மயக்கிவிட்டார்கள் என்று இங்கிலாந்துத் துறவி ஒருவரின் நூலில் புலம்பலே இருக்கிறது. காதல் கதைக்கு நாற்றத்தைவிட அந்தப் புலம்பல்தானே உதவும்?

பெரிய சிக்கல் காலம். வைக்கிங் யுகம் 1066-ஓடு முடிந்தது என்பார்கள். உன் நாயகன் மாட்டியிருக்கும் தலைமுதல் கால்வரையிலான தகட்டுக் கவசமோ 1400-ஐ ஒட்டித்தான் வருகிறது. இவர்கள் சந்திக்க வேண்டுமானால் அவள் முந்நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்!

அதனால் கொஞ்சம் தள்ளி வந்து நார்வே மன்னர் ஹாகோனின் மகள் கிறிஸ்டினாவைப் பிடித்துக்கொள். 1234-இல் பிறந்தவள், வைக்கிங் இல்லை, அவர்களின் பேத்தி வழி என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டு மன்னன் அல்ஃபோன்சோ தன் தம்பிகளில் ஒருவனுக்கு அவளைப் பெண் கேட்டான். யாரைக் கட்டிக்கொள்வது என்பதை அவளே முடிவுசெய்வாள் என்று அப்பா சொல்லி அனுப்பினார். 1257-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கிளம்பி, இங்கிலாந்து, பிரான்ஸ் வழியாகப் போகிறாள். பார்சிலோனாவில், காஸ்டிலுக்குப் பக்கத்து நாடான அரகோனின் மன்னர் ஹைமே எதிர்கொண்டு வரவேற்றார். பார்த்தவுடன் தானே கட்டிக்கொள்கிறேன் என்றாராம். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, இவளுக்கு இருபத்துமூன்று. ரொம்ப வயசானவர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்! இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு ஹைமே மேல்தான் பரிதாபம்.

காஸ்டிலின் வய்யாதோலித் நகரத்தில் நடந்ததுதான் அசல் நகைச்சுவை. கல்யாணத் தரகர் வேலையை ராஜாவே பார்க்கிறான். ஒரு தம்பி நல்ல வீரன்தான், ஆனால் வேட்டையில் அடிபட்டு உதட்டில் தழும்பு. இன்னொருவன் டொலேடோவின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன், அவனைத் தொடமுடியாது. இன்னொரு தம்பி பெலிப்பே? அவனும் செவில் பேராயர் பதவிக்கு நியமிக்கப்பட்டவன்தான், பாரிஸில் படித்தவன். ஆனால் அவனுக்கு ஜெபத்தைவிட வேட்டைநாயும் வல்லூறும்தான் பிடிக்கும், கரடியோடும் காட்டுப்பன்றியோடும் மோதுவான், கலகலப்பானவன் என்று அண்ணனே சான்றிதழ் கொடுக்கிறான். அவள் பெலிப்பேயைத் தேர்ந்தெடுத்தாள். பெரியவர்களின் ஆலோசனையோடு என்று ஐஸ்லாந்துக்காரர் எழுதிய வரலாறு சேர்த்துச் சொல்கிறது. பெண்ணே முடிவெடுப்பாள் என்று சொல்லிவிட்டு, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கருத்துச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காட்சியை நீ எழுது. உனக்கு அனுபவம் உண்டு. 1258 மார்ச் 31-இல் கல்யாணம்.

நகைச்சுவைக் கதை என்பதால் கல்யாணப் பந்தியோடு நிறுத்திவிடு. 1262-இல் அவள் செவிலில் இறந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை.

அவள் கல்லறை கோவாருபியாஸ் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே தொங்கும் மணியை அடித்தால் கன்னிப்பெண்ணுக்குக் கல்யாணம் கூடுமாம். உன் சித்தியிடம் இதைச் சொல்லிவிடாதே, நாளைக்கே உனக்கு ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டுவிடுவாள்.

அன்புடன்,
அம்மா