சூடை மீனுக்கும் ஒரு பெயர் வேண்டும்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

நிலைபேறான உணவுக்காக வேலை செய்கிற அந்தத் தொண்டு நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் நீ சேரப்போகிறாய் என்று அம்மா சொன்னா. மனம் நிறைந்துபோனது. ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் இவ்வளவு காலம் விளம்பரம் செய்திருக்கிறாய். ஒரு சாப்பாட்டைப் பற்றி நீ எழுதினால் சனம் தேடி வரும். அந்தத் திறமையோடு சபையில் நீ என்ன செய்யலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன், அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் மெனு உனக்கு மனப்பாடம். அறுக்குளா மீன், சிங்கி இறால், பெரிய நண்டு. மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, வெளிநாட்டு ஆட்களும் அப்போதுதான் வருவார்கள், எல்லோரும் கேட்பது அதே மூன்றைத்தான். முட்டை சுமக்கும் சிங்கி இறாலைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் தட்டுக்கு வந்த பிறகு அதை யார் கண்டுபிடிப்பது? அதே நேரம் கொட்டியாரக் குடாப் பக்கம் சூடை, கீரி என்ற சின்ன மீன்கள் ஒருமுறை வலையில் நன்றாக விழுந்தால் கரையில் குவிந்துவிடும். அன்றைக்கே விலை இறங்கும், மிச்சம் கருவாட்டுக்குப் போகும். சுடச்சுடக் குரக்கன் புட்டும் சூடைப் பொரியலும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதை எந்த ஹோட்டல் மெனுவிலும் நான் கண்டதில்லை. வாடைக் காலத்தில் சின்னப் படகுகள் கரையில் கிடக்கும்போதும் மெனு மாறுவதில்லை.

ஒரு மீனுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க உன்னால் முடியும். அதனால்தான் எந்த மீனுக்கு என்று முதலில் கேள். அறுக்குளாவுக்கு இனிமேல் புதிதாகப் பெயர் தேவையில்லை. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் உணவகங்களுக்கு 'அம்மாச்சி' என்று பெயர் வைத்தார்கள், கண் முன்னாலேயே பெண்கள் சுட்டுக் கொடுக்கிறார்கள், சனம் வரிசையில் நிற்கிறது. தோசையும் குரக்கன் ரொட்டியும் புதிதா? பெயரும் அடுப்பும் சரியாக அமைந்தன, அவ்வளவுதான்.

அப்புறம் 'இயற்கை' என்ற சொல். அதை இங்கே கவனமாகத் தொடு. 2021 ஏப்ரலில் ரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது, நவம்பரில் தடையை விலக்கியது. இடையில் விதைப்பு வந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில், அதாவது பெரிய நெல் பருவத்தில், நாடு முழுக்க விளைச்சல் விழுந்தது. தம்பலகாமத்தில் பரம்பரையாக வயல் செய்பவர்களிடம் போய் 'சேதனப் பசளை', அதாவது இயற்கை உரம், என்று சொல்லிப் பார், முகம் மாறும். மண்ணில் அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. மாட்டெருவும் குழையும் போட்டு வளர்ந்த வயல்தான் அது. ஆயத்தம் செய்ய நேரம் கொடுக்காமல் ஒரே போகத்தில் மாறு என்றதுதான் அவர்களைச் சுட்டது. அழகான லேபலோடு அதே சொல் திரும்ப வந்தால், திரும்பவும் தங்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு நடந்ததையும் சொல்கிறேன். சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் திரித்து விற்றுக்கொண்டிருந்தோம். ஒரு நிறுவனம் வந்தது. படம் எடுத்தார்கள், பெட்டி அடித்துத் தந்தார்கள், கொழும்பில் அறிமுக விழாவும் வைத்தார்கள். விழாவுக்கு எங்களில் இரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள். திட்டம் முடிந்தது, வாங்க ஆளில்லை. பெட்டிகள் சங்கக் கட்டடத்தின் மூலையில் கறையான் பிடித்துக் கிடந்தன. மாவில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம் யார் வாங்குவார்கள் என்று அந்த நிறுவனத்தின் சபையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. உன் சபையில் அப்படிக் கேட்கிற ஆள் நீயாக இருக்க வேண்டும். உன்னிடம் அவர்கள் அறிக்கைக்குப் படமும் தலைப்பும்தான் கேட்பார்கள். செய்து கொடு. ஆனால் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார். வந்த காசில் வயலுக்கும் கரைக்கும் எவ்வளவு போனது, மண்டபத்துக்கும் வாகனத்துக்கும் எவ்வளவு போனது என்று வாய் திறந்து கேள்.

இன்னொன்று, உனக்குச் சங்கடமாக இருக்கலாம். நீ வேலை செய்யும் ஹோட்டல்கள் நாளைக்கு இந்த நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியலில் வரப் பார்க்கும். கம்பனியாகப் பதிந்த நிறுவனம் என்றால், பணிப்பாளர் தன் சொந்த நலன் கலந்திருக்கும் விஷயத்தைச் சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்கும் வரை காத்திருக்காதே. முதல் கூட்டத்திலேயே ஹோட்டல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடு. அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய் இரு.

மாசி, பங்குனியில் இங்கே பெரும்போக வெட்டு. ஒரு கூட்டத்தையாவது அப்போது கொழும்பில் வைக்காமல் தம்பலகாமத்தில் வைக்கச் சொல். இரவு ரயிலில் எல்லோரையும் கூட்டி வா. சங்கக் கட்டடத்தில் இடம் இருக்கிறது, பாய் விரித்து உட்காரலாம். சமையல் எங்கள் பொறுப்பு: புது அரிசிச் சோறு, எருமைத் தயிர், சூடைப் பொரியல். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா