பழி தட்டச்சு செய்தவர் மேல் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய விண்ணப்பங்களில் வங்கிக் கணக்கு எண் தவறாகப் பதிவாவதற்குக் கணினி மையப் பிள்ளைகளின் அவசரமே காரணம் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது.

கடலூர் முதுநகரில் கருவாடு விற்கும் என் பெரியம்மாவுக்கு வரவேண்டிய தொகை வரவில்லை. பாஸ்புக்கில் 37 என்று முடியும் 17 இலக்க எண், விண்ணப்ப அச்சில் 36 என்று முடிந்திருந்தது. மையத்துப் பெண்ணுக்குச் சரியான திட்டு. மறுநாள் நானும் உடன் போனேன். பெரியம்மா விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அந்தப் பெண் நிதானமாகத்தான் தட்டினாள். அச்சில் மறுபடியும் 36.

இணையதளங்களைத் திறக்கும் உலாவிக்குள் (பிரௌசர்) ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட், சாதாரண எண்கள் அனைத்தையும் 64 பிட் மிதவை எண்ணாகவே, அதாவது 0, 1 என்ற குறிகள் 64 மட்டுமே கொள்ளும், தசமத்துக்கும் இடம் தரும் வடிவில், வைத்துக்கொள்கிறது. அதில் இலக்கங்களின் துல்லியத்துக்குக் கிடைப்பது 53 பிட். 9007199254740991 வரை ஒன்றுகூடப் பிசகாது. அதற்கு மேல் 9007199254740993 என்று கொடுத்துப் பாருங்கள், 9007199254740992 என்று திரும்பி வரும். இந்த எல்லை 16 இலக்கம்; பெரியம்மாவின் கணக்கு எண்ணோ 17 இலக்கம். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. தரவு போய்ச் சேரும் சர்வர் கணினியில் ஜாவா போன்ற நிரல்மொழிகள் 18 இலக்க எண்ணையும் தாங்கும் என்பதால், அங்கே சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் அல்ல. தன் தளத்தில் இடப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்கள் இந்த எல்லையைத் தாண்டவிருந்த 2010-இலேயே ட்விட்டர் அவற்றை எழுத்துகளைப் போல உரையாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. உலாவியும் சர்வரும் தரவைப் பரிமாறும் ஜேசான் (JSON) வடிவத்தின் 2017 விதிமுறையிலும் இந்த எல்லை எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய எண்களுக்கென்றே பிக்இன்ட் (BigInt) என்ற எண் வகை 2020-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தில் சேர்ந்தது. ஆனால் ஜேசானைப் படிக்கும்போது அது தானாகக் கைகொடுப்பதில்லை.

மருந்து எளிது. கணக்கு எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை, பெருக்கப்போவதில்லை. அது பெயர் மாதிரி. படிவத்திலிருந்து தரவுத்தளம் வரை மேற்கோள் குறிக்குள் உரையாகவே போகட்டும். முன்னால் நிற்கும் பூஜ்யமும் அப்போதுதான் பிழைக்கும். சோதனைக்கு 12345 போட்டுப் பார்க்கும் என் சக நிரலர்கள், ஒற்றைப்படையில் முடியும் 17 இலக்க எண் ஒன்றையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

வாசகர்கள் அச்சை வாங்கியதும் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ஒருமுறை உங்கள் முன்னாலேயே தட்டச் சொல்லுங்கள். மறுபடியும் மாறினால், இரண்டு எண்களையும் குறிப்பிட்டு அந்த இணையதளத்தாருக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.