தஸ்ராக்கில் நாற்பது நிமிடம் போதாது

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் வாசகர் வட்டங்கள் நடத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. உங்கள் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள். சென்ற ஆண்டு ஒரு வட்டத்தின் வேனில் இடம் கிடைத்தது. மலையாள நாவலாசிரியரும் கார்ட்டூனிஸ்டுமான ஓ.வி. விஜயனின் நினைவகத்தைப் பார்க்கப் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் தஸ்ராக் ஊருக்குப் போய்வந்தேன். அவருடைய ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலில் கசாக் என்று வருவது இந்த ஊர்தான். அதைப் பற்றியும், இனி நீங்கள் ஏற்பாடு செய்யப்போகும் பயணங்களைப் பற்றியும்தான் இந்த மடல். எந்த வட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. நம் பக்கத்திலிருந்து போகும் வேன்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. காலையில் பாலக்காட்டுக் கோட்டை, அப்புறம் தஸ்ராக், மதியச் சாப்பாடு, சாயங்காலம் மலம்புழா அணை.

எங்களுக்குத் தஸ்ராக்கில் கிடைத்தது நாற்பது நிமிடம். நாவலின் பாத்திரங்களைக் கல்லில் செதுக்கி வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பாதி நேரம் அங்கேயே போனது. ஒவ்வொரு சிற்பத்தோடும் ஒவ்வொருவரும் போட்டோ எடுத்தார்கள். பிறகு ஞாற்றுப்புரை என்கிற பழைய வயல் வீட்டின் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு குழுப் படம், ஒரு சின்னப் பேச்சு, கைதட்டல். விஜயனின் கார்ட்டூன்கள் இருக்கும் பகுதிக்குள் நான் நுழைந்தபோது கூடவே நான்கு பேர்தான் வந்தார்கள். மூன்றாவது படத்தின் முன்னால் நிற்கும்போது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் வேன் முழுக்கக் ‘கசாக்கின் இதிகாசம்’ பற்றித்தான் பேச்சு. ரவி, மைமூனா, அப்புக்கிளி, அல்லாப்பிச்சா மொல்லாக்கா. நல்ல பேச்சு, குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்த மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தினமும் படம் வரைந்து சம்பாதித்தவர் என்பதை யாருமே பேசவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பனைகள் ஆரம்பித்துவிடும், உங்களுக்குத் தெரியும். மலையாளிகள் கரிம்பன என்கிறார்கள், நமக்குக் கரும்பனை. மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் விட்ட இடைவெளி வழியாக வரும் காற்று அந்த ஓலைகளில் மோதி எழுப்பும் சத்தம்தான் கசாக்கின் சத்தம். வேனில் பாட்டு போட்டுக்கொண்டு போனதால் முதல் முறை அது எங்கள் காதில் விழவே இல்லை. வயல் நடுவே ரோட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தோம். பையன் நின்று அண்ணாந்து பார்த்து, “மழை வருதா அத்தை?” என்றான். மழை இல்லை. ஓலைச் சத்தம்.

நேராகக் கார்ட்டூன்களிடம் போனோம். என் பேச்சில் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், சொல்ல வந்ததே இதுதான்.

விஜயன் தஸ்ராக்குக்கு வந்தது 1956-ல். அவருடைய சகோதரி சாந்தாவுக்கு அந்த ஊர் ஓராசிரியர் பள்ளியில் வேலை. அவரோடு வந்து தங்கியவர் விஜயன். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்த இளைஞர், இடதுசாரி. புரட்சி பேசும் ஒரு நாவலை எழுதவேண்டும் என்பது அவர் எண்ணம். அதே வருடக் கடைசியில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தன. 1958-ல் அந்நாட்டுப் பிரதமராக இருந்த இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். எழுத நினைத்த நாவல் கைவிட்டுப் போய் வேறொன்றாக மாறியதற்கு அந்த அதிர்ச்சியும் காரணம் என்று விஜயனே எழுதியிருக்கிறார். 1958-லேயே டெல்லிக்குப் போய்க் கார்ட்டூன் வார இதழான ‘சங்கர்ஸ் வீக்லி’யில் கார்ட்டூனிஸ்டாகச் சேர்ந்தார். 1963-ல் ‘பேட்ரியட்’ நாளிதழ். நாவல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராக வந்தது 1968-ல், புத்தகமானது 1969-ல்.

இந்த வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தஸ்ராக்குக்கு வந்ததிலிருந்து நாவல் தொடராக வெளியாகும்வரை 12 ஆண்டுகள். அதில் பத்து ஆண்டுகள் அவர் டெல்லியில் இருந்திருக்கிறார். அரசியல்வாதிகளின் முகத்தைப் பத்திரிகைக்கு வரைந்துகொண்டே, ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஒரு பனங்காட்டு ஊரை எழுதியிருக்கிறார். கசாக்கை எழுதியது கார்ட்டூன் வரைந்து பழகிய கை.

அது எழுத்திலேயே தெரிகிறது. அப்புக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தலை, வளராத கைகால், கையில் ஒரு தும்பி. எங்களைப் போல வரைகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எதைப் பெரிதாக்க வேண்டும், எதைச் சுருக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும். முழு மனிதனையும் வரைய வேண்டியதில்லை, இரண்டு மூன்று கோடு சரியாக விழுந்தால் ஆள் எழுந்து நின்றுவிடுவான். கசாக்கின் பழங்கதையில் வரும் ஷேக்கின் ஆயிரத்தொரு குதிரைகளில் நம் நினைவில் தங்குவது அந்த ஒரேயொரு நொண்டிக் குதிரை. ஆயிரம் குதிரையையும் வர்ணிக்கப் போகாமல் ஒன்றின் காலை மட்டும் காட்டிவிடுவது கோட்டோவியக்காரனின் கண்.

அன்றைக்குப் பையன் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். கையைக் கண்ணாடியில் படாமல் ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் கோட்டின் மேலேயே காற்றில் வரைந்துகொண்டு போனான். மேலிருந்து இறங்கி, ஒரு வளைவில் மெதுவாகி, முடிவில் சட்டென்று விலகினான். “இங்க அழுத்தியிருக்காரு, இங்க விட்டுட்டாரு” என்றான். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. இருபது வருடமாக வகுப்பில் நான் கரும்பலகையில் சொல்லப் பார்க்கிற பாடம் அது. அழுத்தமும் தளர்வும் ஒரே கோட்டில். அவன் அதை விரலாலேயே படித்துவிட்டான். இதற்கு நாவல் படித்திருக்கத் தேவையில்லை, மலையாளம் தெரியத் தேவையில்லை.

மலையாளம் படிக்கத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். விஜயன் ‘தி ஹிந்து’, ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ்களுக்கும் வரைந்தவர். அதனால் அவருடைய கார்ட்டூன்களில் கணிசமானவை ஆங்கிலத்தில் பேசுபவை. நம் ஊர் வீடுகளிலும் காலையில் பேப்பரைப் பிரித்தவர்கள் அந்தக் காலத்தில் அவர் படத்தைப் பார்த்திருப்பார்கள். ‘கலாகௌமுதி’யில் அவர் மலையாளத்தில் வரைந்த தொடரின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘கொஞ்சம் நேரம்போக்கு, கொஞ்சம் தரிசனம்’. நாம் கார்ட்டூனுக்குக் கேலிச்சித்திரம் என்று பெயர் வைத்துப் பழகிவிட்டோம். விஜயனுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது என் எண்ணம். சிரிப்பு வருகிறது, ஆனால் வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அவசரநிலை வந்த 1975-ல் ‘சங்கர்ஸ் வீக்லி’ நின்றுபோனது. அந்த வருடமே தொடராக வரவேண்டியிருந்த அவருடைய ‘தர்மபுராணம்’ அவசரநிலையால் தள்ளிப்போய், 1985-ல்தான் புத்தகமானது. அதிகாரத்தின் அருவருப்பை அவ்வளவு பச்சையாக எழுதிய அந்த நாவலைப் படிக்கும்போது, எழுத்தா படமா என்று பிரிக்கவே முடியாது. உங்கள் கூட்டங்களில் ‘கசாக்’ எப்படித் ‘தர்மபுராண’மாக மாறியது என்று விவாதம் வரும். கார்ட்டூன்களையும் நடுவில் வைத்துப் பேசினால் அந்தக் கேள்வியே வேறாகிவிடும்.

பிற்காலத்தில் அவரைப் பார்க்கின்சன் நோய் பிடித்தது. கோடுபோட்டு வாழ்ந்த மனிதருக்குக் கையை நடுக்கும் நோய். 2005 மார்ச் 30-ல் ஐதராபாத்தில் இறந்தார். அந்தச் சுவரில் ஒரு தீர்மானமான கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இது நினைவுக்கு வந்து, நான் கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அப்புறம்தான் ஞாற்றுப்புரை. ஞாறு என்றால் நம் நாற்றுதான், ஒலி மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. வயலோடு சேர்ந்த ஓட்டு வீடு. நாவலில் சிவராமன் நாயருடைய ஞாற்றுப்புரையில்தான் ரவியின் பள்ளி தொடங்குகிறது. பெரிய எழுத்தாளர் நினைவகம் என்று மனசில் எதையோ கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், அவ்வளவு சின்னது. ஆனால் ஒரே அறையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாடம் நடத்திய காலத்தை நினைத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரியும்வரை பாலக்காடும் நம் பொள்ளாச்சியும் ஒரே சென்னை மாநிலம். அந்த ஓராசிரியர் பள்ளியும் நம் பக்கத்து ஓராசிரியர் பள்ளிகளும் ஒரே அரசின் கீழ்தான் இருந்தன. ஆசிரியராக எனக்கு அந்த அறை அந்நியமாகவே இல்லை.

நாங்கள் வாசலில் உட்கார்ந்து, யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து முதல் சில பக்கங்களைச் சத்தமாகப் படித்தோம். கூமன்காவில் பஸ் வந்து நின்று ரவி இறங்கும் இடம். பையன் பாதி, நான் பாதி. யூமா வாசுகி கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர், ஓவியர், கவிஞர், நாவலாசிரியர். எழுதவும் வரையவும் தெரிந்த ஒருவரின் நாவல், எழுதவும் வரையவும் தெரிந்த இன்னொருவர் கையால் தமிழுக்கு வந்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பு ஏன் அப்படிக் கண்முன் நிற்கிறது என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தஸ்ராக்குக்கு அரைநாள் ஒதுக்குங்கள். கோட்டையை இன்னொரு நாள் பார்க்கலாம், மலம்புழா எங்கும் போய்விடாது. போனதும் கல் சிற்பங்களிடம் கூட்டத்தை விடாதீர்கள். செதுக்கியவர்களின் உழைப்பு பெரிது, மதிக்கிறேன். ஆனால் படிக்கும்போது நம் மனசில் வந்த மைமூனாவின் முகம் கல்லைப் பார்த்தபின் மங்கிவிடுகிறது. முதலில் கோடு, பிறகு ஞாற்றுப்புரை, கடைசியில் சிற்பம். இந்த வரிசையை ஒருமுறை செய்து பாருங்கள். வாய்ப்பிருந்தால் நாவலே படிக்காத இரண்டு பிள்ளைகளையாவது கூட்டி வாருங்கள். அவர்கள் பார்க்கிற பார்வையிலிருந்து நமக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும். வேனில் போனபோது எங்களில் ஒருவர், குளத்துப் பக்கம் துணியோடு வந்த ஒரு பாட்டியிடம் போய், “நீங்க மைமூனாவுக்குச் சொந்தமா?” என்று கேட்டார். அந்த அம்மா சிரித்ததுபோலச் செய்துவிட்டு நடையை வேகமாக்கினார். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நாவல் மேல் இருந்த பிரியம். ஆனால் கசாக்கில் மைமூனா ஊரே பேசும் அழகியாக, கட்டுப்பாட்டை மீறிய உறவுகள் உள்ளவளாக வருகிறாள் என்று நமக்குத் தெரியும். யாரோ வயலுக்கும் குளத்துக்கும் போய்வரும் ஊர் அது, அவர்கள் நம் பாத்திரங்கள் இல்லை. பயணம் கிளம்புமுன் வேனிலேயே இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தண்ணீர் கேட்கலாம், வழி கேட்கலாம், வெயிலைப் பற்றிப் பேசலாம். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறவர்களும் அங்கே உண்டு.

ஜூலை 2 விஜயனின் பிறந்தநாள். 1930-ல் பிறந்தவர். அந்த நாட்களில் அங்கே மழை இருக்கும். கூமன்காவில் மழையில் படுத்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ரவியோடு முடிகிற நாவலை மழையிலேயே போய்ப் பார்ப்பதும் நல்லதுதான். அந்த வாரத்துச் சனிக்கிழமை உங்களில் யாராவது வேன் ஏற்பாடு செய்தால் எனக்கும் பையனுக்கும் இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள், பங்குத் தொகையை முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு 4பி பென்சிலும், மடித்துப் பையில் வைக்கிற அளவுக்குக் காகிதமும் நான் கொண்டுவருகிறேன். வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கோட்டைப் பார்த்து வரைந்துவிட்டு வந்தால் போதும்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை